செட்டிநாட்டுச் சந்தையில் புத்தகக் கடை: மழை, வெயில், காற்று பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டைச் சந்தைகளிலும், குன்றக்குடி, பிள்ளையார்பட்டித் திருவிழாக்களிலும் புத்தகம் பரப்பி விற்கிறவர்களுக்கும், புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கும் எழுதியது இது. பாத்திரக் கடைக்காரர் மழையில் நனைந்ததைத் துடைத்துவிட்டு அதே விலைக்கு விற்பார். நமக்கு அப்படி இல்லை. அதனால் இங்கே பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றிய பேச்சுத்தான்.

புதிதாகத் தொடங்க எந்த மாதம் நல்லது?

மாசி, பங்குனி. நம் பக்கத்தில் மழை மிகக் குறைந்த மாதங்கள் அவை. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா, குன்றக்குடி பங்குனி உத்திரம், கம்பன் விழா எல்லாம் அந்தச் சமயத்தில்தான் வருகின்றன. கூட்டமும் உண்டு, வானமும் பெரும்பாலும் வெளுத்திருக்கும். தையிலும் மழை பயம் குறைவு. ஆனால் விடியற்காலைப் பனி இருக்கும். வெயில் ஏறுவதற்கு முன்னால் அட்டைகளைப் பிரித்து வைத்தால் பனி ஈரத்தில் ஓரம் சுருண்டுவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் புதிதாகத் தொடங்காதீர்கள். அனுபவமுள்ளவர்களே அந்த இரண்டு மாதமும் பாதிச் சரக்கோடுதான் போவார்கள்.

மழை வருமா வராதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் எந்தப் பருவம் என்று பாருங்கள். மழை வரும் திசையே பருவத்துக்குப் பருவம் மாறும்.

சித்திரை, வைகாசிக் கோடைமழையும், ஆவணி, புரட்டாசி மாலை மழையும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். காலையெல்லாம் வெயில் சுட்டெரிக்கும். கிழக்கே நேர்கோட்டில் 50 கிலோமீட்டருக்குள் கடல். மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்து சூடான காற்றோடு மோதும்போது மேகம் கிடுகிடுவென்று எழும். மூன்று மணிக்கு வெறும் வானம், ஐந்து மணிக்கு அடைமழை என்பது இந்த மாதங்களில் சாதாரணம். திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கம் இருட்டுக் கட்டி, பிரான்மலை திசையில் மின்னல் தெரிந்தால் காரைக்குடிக் கடைக்காரர் பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மண்வாசனையோடு திடீரென்று குளிர்ந்த காற்று அடித்தால் அதற்குப் பிறகு கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று மழைக்கு முன்னால் ஓடிவருகிறது, அவ்வளவுதான். அந்தக் காற்று முகத்தில் பட்டவுடன் மூட ஆரம்பியுங்கள். முதல் துளிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழை வேறு மாதிரி. கிழக்கே கடலிலிருந்து வரும், விட்டு விட்டு நாள் முழுக்கப் பெய்யும். ஆனால் இது திடீர் மழை இல்லை. காற்றழுத்தத் தாழ்வு உருவாகும்போதே வானிலை மையம் சொல்லிவிடுகிறது, ஒருநாள் இரண்டு நாள் முன்னதாகவே முடிவு எடுக்கலாம். சிவகங்கை மாவட்டத்துக்கோ புதுக்கோட்டை மாவட்டத்துக்கோ ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் கடை வேண்டாம். புயல் என்றால் கேள்வியே இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புதுக்கோட்டை மாவட்டத்தில் மரங்களைச் சாய்த்துப் போட்டதை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அந்தக் காற்றுக்கு முன் தார்பாய் எம்மாத்திரம்?

கைப்பேசியில் வானிலை ஆய்வு மையத்தின் 'மௌசம்' செயலியும், மின்னலுக்கென்று 'தாமினி' செயலியும் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பார்க்கும் முன்னறிவிப்பைவிட, அடுத்த மூன்று மணி நேரத்துக்கு வரும் அறிவிப்புத்தான் கடைக்காரருக்கு உதவும். மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒருமுறை பார்க்கும் பழக்கம் வேண்டும்.

கடையை எப்படி அடுக்குவது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். கடையை விரிக்கும்போதே எப்படிச் சுருட்டப் போகிறோம் என்று யோசித்து விரிக்க வேண்டும். அழகாக அடுக்கிய கடையை மழையில் மூட இருபது நிமிடம் ஆனால் அந்த அழகால் ஒரு பயனும் இல்லை. துணைக்கு ஆள் இல்லாமல், நீங்கள் ஒருவராகவே இரண்டு மூன்று நிமிடத்தில் மூட முடிகிற அளவுதான் உங்கள் கடையின் சரியான அளவு.

அதற்குப் புத்தகங்களைப் பெட்டியிலேயே வைத்து விற்பதுதான் நல்ல வழி. காய்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட் எல்லாச் சந்தையிலும் கிடைக்கும். உள்ளே அட்டை விரித்து, முதுகு மேலே தெரியும்படி நிறுத்தி அடுக்குங்கள். வருகிறவர் கையால் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். மழை வந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கி வைத்து ஒரே தார்பாயில் மூடிவிடலாம். 200 பக்கச் சாதாரண அளவுப் புத்தகம் ஏறக்குறைய கால் கிலோ வரும். ஒரு கிரேட்டில் 60 புத்தகம் என்றால் 15 கிலோ. அதற்கு மேல் ஏற்றினால் அவசரத்தில் ஒற்றை ஆளால் தூக்க முடியாது.

முகப்பில் விரித்து வைப்பது முப்பது நாற்பது புத்தகம் போதும். அவற்றையும் நேராக மேசையில் வைக்காமல் ஒரு தடித்த பாலித்தீன் விரிப்பின் மேல் வையுங்கள். நான்கு மூலையையும் பிடித்து மூட்டையாகக் கட்டிவிடலாம். ஓரம் கொஞ்சம் நசுங்கும்தான். நசுங்கிய புத்தகத்தை விற்கலாம், நனைந்ததை விற்க முடியாது.

விலை கூடிய புத்தகங்களையும் படம் நிறைந்த குழந்தைப் புத்தகங்களையும் நடுவில், கூரைக்கு நேர் கீழே வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் மலிவுப் பதிப்பும் பழைய வார இதழும் இருக்கட்டும்.

தார்பாய் எப்படிக் கட்டுவது?

சரிவாகக் கட்டுங்கள். பத்தடிக்குப் பத்தடி தார்பாயில் ஒரு அங்குலம் தண்ணீர் தேங்கினால் அது ஏறக்குறைய 236 லிட்டர். மூன்று ஆள் எடை தலைக்கு மேலே தொங்குகிறது என்று அர்த்தம். எத்தனையோ கடைகள் மழையில் விழுவதில்லை, மழை விட்ட பிறகு தேங்கிய தண்ணீரில் விழுகின்றன. முன்பக்கம் எட்டடி என்றால் பின்பக்கம் ஆறடி இருக்கட்டும். குறுக்கே நடுவில் ஒரு நைலான் கயிறு இழுத்துக் கட்டினால் தொய்வு விழாது. நீர் வழியும் பக்கம் பக்கத்துக் கடைக்காரரின் சரக்கு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை நாளில் ஓடி வந்து ஒரு மூலையைப் பிடிக்கப் போகிறவர் அவர்தான்.

நீலத் தார்பாய்க்குக் கீழே எல்லா அட்டையும் நீலமாகத் தெரியும். வாங்குகிறவர் அட்டையின் நிறத்தைப் பார்க்கவே வெயிலுக்குக் கொண்டுபோவார். வெள்ளை அல்லது வெளிர்நிறம் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் கொடுத்தாலும் வாங்குங்கள். மூடுவதற்கென்று இரண்டாவது தார்பாய் ஒன்று தனியாக, மடித்து, கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கூரையை அவிழ்த்து மூடலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

மேலே நனையாமல் காப்பாற்றியும் புத்தகத்தின் அடிப்பகுதி சிவந்துவிடுகிறதே?

செம்மண். நம் ஊரின் தனிப் பிரச்சினை இது. மழைத்துளி செம்மண் தரையில் விழுந்து முழங்கால் உயரத்துக்குத் தெறிக்கும். அந்தத் துளி தாள்களின் வெட்டு ஓரத்தில் பட்டால் உள்ளே ஊறி, காய்ந்ததும் காவிக் கறையாக நிற்கும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் இன்னும் பரவும், அதனால் தொடாதீர்கள். நன்றாகக் காயவிட்டு, புத்தகத்தை இறுக்கி மூடிப் பிடித்துக்கொண்டு, மெல்லிய உப்புத்தாளால் ஒரே திசையில் லேசாகத் தேய்த்தால் பெரும்பகுதி போய்விடும். பக்கத்துக்குள் இறங்கிய கறை போகாது.

வராமல் தடுப்பதுதான் எளிது. மேசையின் முன்பக்கமும் பக்கவாட்டிலும் தரை வரை தொங்கும்படி பழைய சாக்கைக் கட்டுங்கள். மேசையைச் சுற்றித் தரையிலும் இரண்டடி அகலத்துக்குச் சாக்கோ வைக்கோலோ போட்டால் தெறிப்பு அங்கேயே அடங்கிவிடும். தரைக்கடை போடுகிறவர்கள் மழை மாதங்களில் மட்டுமாவது செங்கல் அடுக்கிப் பலகை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆடிக் காற்றுக்கு என்ன செய்வது?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், 40 பக்கக் குழந்தைப் புத்தகம் எங்கே நிற்கப் போகிறது. ஆனி, ஆடியில் மழை அவ்வளவு இல்லை, காற்றும் புழுதியும்தான். மெல்லிய புத்தகங்களைப் படுக்க வைக்காமல் கிரேட்டில் நிறுத்துங்கள். விரித்து வைத்தவற்றின் மேல் குறுக்கே ஒரு ரப்பர் நாடா இழுத்துக் கட்டுங்கள். கல்லை வைக்காதீர்கள், அட்டையில் கீறல் விழும். தார்பாயின் மேற்குப் பக்கத்தை முழுக்க மூடிவிட்டால் காற்று அதில் முட்டிக் கூரையைத் தூக்கும், கீழே ஒரு அடி இடம் விடுங்கள். மாலையில் வீட்டுக்குப் போனதும் மேல்விளிம்புப் புழுதியை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

வெயில் புத்தகத்தை என்ன செய்துவிடும்?

நிறையச் செய்யும். இன்று வரும் பெரும்பாலான புத்தகங்களின் முதுகு தைக்கப்படுவதில்லை, சூடான பசையில் ஒட்டப்படுகிறது. சூட்டில் ஒட்டியது சூட்டில் இளகும். சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள்ளோ கறுப்புத் தார்பாய்க்கு அடியிலோ மதியம் முழுக்க இருந்தால், வாங்கியவர் வீட்டில் விரிக்கும்போது தாள் கையோடு வரும். வாங்கியவர் பதிப்பகத்தைத் திட்ட மாட்டார், உங்களைத்தான் சொல்வார். மலிவுத் தாளில் அச்சிட்டவை இரண்டு மூன்று நாள் நேர் வெயில் பட்டாலே ஓரம் மஞ்சளாகத் தொடங்கும். முகப்பில் வைத்த பிரதிகளை மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டி வரும் புத்தகங்கள் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். வெயிலில் தாளில் உள்ள ஈரம் ஆவியாகி உறைக்குள்ளேயே வியர்க்கும். வெயில் மாதத்தில் உறையின் மூலையில் ஊசியால் இரண்டு துளை போட்டுவிடுங்கள்.

மழைக்கு ஒதுங்கும் கூட்டம் கடைக்குள் வந்துவிட்டால்?

வரவேற்க வேண்டும். 'மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்கியதில்லை' என்று சொல்கிறவர்களும் புத்தகக் கடையில் ஒதுங்குவார்கள். காய்கறிப் பையோடு வந்த ஒரு ஆச்சி கால்மணி நேரம் நின்று ஒரு சமையல் புத்தகத்தைப் பாதிவரை படித்துவிடுவார். கூட வந்த பேரப்பிள்ளை படக்கதையைக் கீழே வைக்க மறுக்கும். வெயில் நாளில் இந்த நேரம் நமக்குக் கிடைக்காது. 'வாங்கினால் நில்லுங்கள்' என்ற பேச்சு வரவே கூடாது. மழை விட்டதும் சிலர் ஒன்றும் வாங்காமல்தான் போவார்கள். அடுத்த சந்தைக்கு அவர்களே தேடி வருவார்கள்.

இரண்டு ஏற்பாடு மட்டும் செய்துகொள்ளுங்கள். நுழையும் இடத்தில் குடை வைக்க ஒரு வாளி. கை துடைக்க ஒரு துண்டு, கேட்காமலே நீட்டுங்கள். ஈரக் கையோடு எடுக்காதீர்கள் என்று சொல்வதைவிடத் துண்டை நீட்டுவது மரியாதை. நிற்கிறவர் கைக்கு எட்டும் வரிசையில் பழைய வார இதழ்களும் மலிவுப் புத்தகங்களும் இருக்கட்டும்.

இடி இடித்தால் கடையிலேயே நிற்கலாமா?

கூடாது. இரும்புக் கம்பிப் பந்தலும் தனியாக நிற்கும் புளியமரமும் பாதுகாப்பு இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மூடிவிட்டு, ஒதுங்கியவர்களையும் கூட்டிக்கொண்டு கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுத்துத் திரும்புங்கள்.

நனைந்துவிட்டது. இனி என்ன செய்வது?

நனைந்த புத்தகத்தைப் பிரித்துப் பார்க்காதீர்கள். ஈரத் தாள் தொட்டாலே கிழியும். வெயிலிலும் வைக்காதீர்கள். எல்லோரும் முதலில் செய்வது அதுதான், புத்தகம் அலை அலையாக வளைந்து போவதும் அதனால்தான்.

ஓரம் மட்டும் நனைந்திருந்தால், நிழலில் மின்விசிறிக்கு முன்னால், காய்ந்த பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி, தாள்களை லேசாக விசிறி போல விரியுங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் மூடி, மேலே பலகையும் கனமும் வைத்து ஒரு இரவு விடுங்கள். உள்ளே வரை நனைந்திருந்தால் இருபது பக்கத்துக்கு ஒன்றாக, அச்சடிக்காத வெள்ளைத் தாளை இடையில் செருகுங்கள், ஊறியதும் மாற்றுங்கள். செய்தித்தாளைச் செருகினால் அதன் மை ஒட்டும்.

வழவழப்பான ஆர்ட் பேப்பர்ப் புத்தகங்களுக்கு அவசரம் அதிகம். மூடியபடி காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. பக்கத்துக்குப் பக்கம் தாள் செருக நேரம் இல்லையென்றால் பாலித்தீன் உறையில் சுற்றிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். பனியில் உறைந்தால் ஒட்டுவதும் பூஞ்சை பிடிப்பதும் நிற்கும், நாளைக்கோ மறுவாரமோ ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்யலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும் என்பதால் எதைச் செய்தாலும் அன்றிரவே செய்ய வேண்டும்.

காய்ந்த பிறகு அதைப் புதுப் புத்தகமாக விற்கக் கூடாது. 'நனைந்தது' என்று எழுதிய தனிப் பெட்டியில் பாதி விலைக்கு வையுங்கள். படிக்க வேண்டும் என்ற ஆசையும் குறைந்த காசும் உள்ள மாணவர்கள் அந்தப் பெட்டியைத்தான் முதலில் தேடுவார்கள்.

ஒரு புத்தகம் நனைந்தால் உண்மையில் எவ்வளவு நட்டம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 ரூபாய்ப் புத்தகம், பதிப்பகம் 30 விழுக்காடு கழிவு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 140. வாங்குகிறவருக்கு 10 விழுக்காடு தள்ளுபடி கொடுத்து 180க்கு விற்றால் கையில் நிற்பது 40. ஒன்று நனைந்து வீணானால் அந்த 140ஐ எடுக்க இன்னும் நான்கு விற்க வேண்டும். வண்டி வாடகை, சந்தை வரி வேறு. நனைந்ததைப் பதிப்பகம் திரும்ப எடுக்காது. அதனால்தான் விற்கும் சாமர்த்தியத்தைவிட மூடும் வேகம் முக்கியம் என்கிறேன்.

பழைய வீடுகளிலிருந்து வரும் புத்தகங்களைச் சந்தையில் வைக்கலாமா?

வெளியே எடுக்காதீர்கள் என்பதே என் பதில். வீடு பிரிக்கும்போதும் விற்கும்போதும் பரணிலிருந்து கட்டுக்கட்டாக வரும், பல நேரம் எடைக்கு. நூறு வருடத் தாள் அப்பளமாக நொறுங்கும், அதற்குச் சந்தை வெயிலும் காற்றும் ஒரு நாளே அதிகம். கல்யாண வாழ்த்துமடல், பர்மாவில் அச்சிட்ட சிறு நூல், கைக்கணக்கு எல்லாம் அந்தக் கட்டில் இருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா இப்படிப்பட்டவற்றைத்தான் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பே சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. கட்டைப் பிரிக்கும் முன் அப்படி ஒரு நூலகத்துக்குப் படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள்.

கைப்பிரதி, ஓலைச்சுவடி என்றால் சட்டமும் உண்டு. 75 வருடத்துக்கு மேற்பட்ட, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கைப்பிரதிகள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் வருகின்றன. உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்யக் கூடாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது.

அனுமதி, வரி?

2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி உள்ளாட்சியில் விற்பனைச் சான்றும் அடையாள அட்டையும் பெறலாம். காரைக்குடி 2024இல் மாநகராட்சியாகிவிட்டதால் அங்கே மாநகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். சந்தை வரிக்கும் திருவிழாத் தரைவாடகைக்கும் சீட்டு வாங்குங்கள், அதை நனையாத உறையில் வையுங்கள். அச்சிட்ட புத்தகங்களுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. டைரி விற்றால் அதற்கு உண்டு.

மழையில் வாங்கியவருக்கு எதில் போட்டுக் கொடுப்பது?

2019 முதல் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை. பழைய செய்தித்தாளை நான்கு மடிப்பாகச் சுற்றி மஞ்சப்பையில் கொடுங்கள். வாங்கியது புதுப் புத்தகம் என்றால் உள்ளே முதலில் ஒரு வெள்ளைத் தாள். கொட்டுகிற மழை என்றால் 'இருந்து போங்கள்' என்று சொல்வதுதான் சரி.

நாள் முழுக்க மழை என்றால் வியாபாரத்தை விட்டுவிட வேண்டியதுதானா?

இல்லை. செட்டிநாட்டில் திண்ணைக்குப் பஞ்சமில்லை. உயரமான, கூரை நீண்ட, தெருவைப் பார்த்த திண்ணைகள். சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். மழை மாதத்தில் வாரம் ஒருநாள், இத்தனை கிரேட், இத்தனை மணி வரை, சுத்தம் செய்து கொடுத்துவிடுவோம் என்று தெளிவாகச் சொன்னால் பலர் சரி என்பார்கள். வாடகை வேண்டாம் என்றால் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புத்தகம் கொடுங்கள். அன்று காலை வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி: 'இன்று சந்தையில் இல்லை, இந்தத் தெருவில், இந்த வீட்டுத் திண்ணையில்.' சரக்கைச் சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு கை இடைவெளி விடுங்கள், மழைக்காலத்தில் கரையான் ஏறும். சாயங்காலம் ஈசல் வந்தால் கடைக்கு மேலிருக்கும் விளக்கை அணைத்துத் தெருப்பக்கத்து விளக்கை மட்டும் எரியவிடுங்கள்.